பூத்த இடம் யாருடையது?
ஆங்கிலக் குடிசைத் தோட்டம் என்னும் பிரதி குறித்துச் சில குறிப்புகள்

1

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு வசந்தம் ஒரு வரிசைப்படி வருகிறது. ஜனவரிக் கடைசியில், மண் இன்னும் இறுகிக் கிடக்கும்போதே, ஸ்னோடிராப் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். பின்னாலேயே குரோக்கஸ். அப்புறம் வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸ், கடைசியாக டாஃபடில். வைக்கோல் வேய்ந்த குடிசை, இடுப்பளவு வேலிக்கதவு, கதவுக்கும் வாசலுக்கும் நடுவே இந்தப் பூக்கள். இந்தச் சித்திரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கிலாந்துக்குப் போகாமலேயே பார்த்திருக்கிறோம். பிஸ்கட் டப்பா மூடியில், வாழ்த்து அட்டையில், தினசரிக் காலண்டரில், ஆங்கிலப் பாடப்புத்தகத்தில். நம் முற்றத்தில் பூத்ததைவிட அது நமக்கு நன்றாகத் தெரியும் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தச் சித்திரத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். 'பூவைப் பத்தி எழுத இதுவாய்யா நேரம்?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பூவைப் பற்றி எழுதுவது எப்போதுமே இரண்டு தரப்புகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறது. பூ பூதான், அதில் அரசியலைப் போட்டுக் கசக்காதே என்பது ஒரு தரப்பு. பூவெல்லாம் வயிறு நிறைந்தவனின் விவகாரம், அதை ஒதுக்கித் தள்ளு என்பது இன்னொரு தரப்பு. முதலாமவர் கும்பிடுகிறார், இரண்டாமவர் எட்டி உதைக்கிறார். ஆனால் இருவருமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: பூ அரசியலுக்கு வெளியே இருக்கிறது என்பதில். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து பூவை அது நிற்கும் நிலத்திலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள்.

நான் கேட்க நினைப்பது சாதாரணக் கேள்விகள். இந்தப் பூ எந்த நிலத்தில் பூத்தது? நிலம் யார் பெயரில் இருந்தது? குழி தோண்டி நட்டவர் யார், நின்று பார்த்தவர் யார், எழுதி அச்சில் ஏற்றியவர் யார்?

2

'குடிசைத் தோட்டம்' என்கிற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் 'காட்டேஜ்' என்பது விவசாயக் கூலியின் வீடு. அதன் தோட்டத்தில் முதலிடம் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோசுக்கும் வெங்காயத்துக்கும். மூலையில் ஒரு பன்றிக்கொட்டில். 1820களின் தொடக்கத்தில் 'காட்டேஜ் எகானமி' எழுதிய வில்லியம் காபெட் அதில் பேசியதெல்லாம் ரொட்டி சுடுவது, பீர் காய்ச்சுவது, பசுவும் பன்றியும் வளர்ப்பது பற்றித்தான். பூ இல்லாமல் இல்லை. நடைபாதை ஓரத்தில், ஜன்னலடியில், காட்டிலிருந்து வேரோடு கொண்டுவந்தது, பக்கத்து வீட்டில் வாங்கிப் பதியம் வைத்தது என்று பூ இருந்தது. ஆனால் தோட்டம் நின்றது வயிற்றின்மேல்.

நாம் காலண்டரில் பார்க்கும் தோட்டம் வேறு. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஹெலன் அல்லிங்ஹாம் (1848–1926). 1886-ல் லண்டனில் சர்ரே பகுதிக் குடிசைகளைப் பற்றிய அவரது நீர்வண்ண ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. காலத்தைக் கவனியுங்கள். 1870களிலிருந்தே அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிய ஆங்கில விவசாயம் சரிந்துகொண்டிருந்தது. கூலிக்காரர்கள் ஊரைவிட்டு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பழைய குடிசைகள் இடிந்தன, அல்லது ரயிலேறி வந்த நகரத்துப் பணக்காரர்கள் கைக்குப் போயின. அல்லிங்ஹாம் புதிதாக மாற்றப்பட்ட ஜன்னல்களைத் தூக்கிவிட்டுப் பழைய கட்டம்போட்ட ஜன்னல்களைத் தன் ஓவியத்தில் திருப்பி வைத்தார். வாசலில் ஒரு பெண், இடுப்பிலோ கையைப் பிடித்தபடியோ ஒரு குழந்தை. ஆண்கள் அநேகமாக இல்லை. வேலையும் இல்லை. வயலுக்குப் போன புருஷன் எத்தனை ஷில்லிங் கொண்டுவருவான் என்கிற கேள்வி ஓவியச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. குடிசை யாருக்கு வீடாக இருந்ததோ அவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோதுதான் குடிசை கலைப்பொருளாயிற்று.

அடுத்தவர் கெர்ட்ரூட் ஜீகில் (1843–1932). குடிசைத் தோட்டத்தின் நெருக்கமான, கலந்துகட்டிய நடவு முறையிலிருந்து கற்றுக்கொண்டு, அதை மேட்டுக்குடித் தோட்டக் கலையாக மாற்றியவர். சர்ரேயில் மன்ஸ்டெட் உட் என்ற தன் இடத்தில் பிரிம்ரோஸுக்கென்றே தனித் தோட்டம் வைத்து, வருஷக்கணக்காக விதை தேர்ந்து 'மன்ஸ்டெட் பன்ச்' என்றொரு வகையையே உண்டாக்கினார். அவருடைய அக்கறை போலி என்று நான் சொல்லமாட்டேன். 1904-ல் வெளியான 'ஓல்ட் வெஸ்ட் சர்ரே' நூலில் மறைந்துகொண்டிருந்த கிராமத்துக் கருவிகளையும் சாமான்களையும் மனிதர்களையும் படம்பிடித்துப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்தத் தோட்டத்தைக் கட்டிக்காக்கச் சம்பளத்துக்குத் தோட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள். கூலிக்காரன் அந்திக்கு மேல் வந்து கொத்திய இடத்தின் அழகை உண்டாக்க, இப்போது கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருந்தது. 1897-ல் அங்கே அவருக்கு வீடு கட்டிக் கொடுத்த இளம் கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸ். பின்னாளில் புதுதில்லியில் வைஸ்ராய் மாளிகையைக் கட்டியதும் அவரேதான். குடிசையின் எளிமையையும் ஏகாதிபத்தியத்தின் பிரம்மாண்டத்தையும் வரைந்தது ஒரே கை. 2023-ல் மன்ஸ்டெட் உட் நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது. தேசியப் பாரம்பரியம் ஆகிவிட்டது.

திணைக் கோட்பாட்டில் பழகிய நமக்கு இங்கே ஒன்று உடனே உறுத்த வேண்டும். நம் மரபில் முல்லையோ குறிஞ்சியோ தனியாகப் பூப்பதில்லை. பூவோடு நிலம், நிலத்தோடு தொழில், தொழிலோடு அதைச் செய்கிற மக்கள் என்று கருப்பொருள் வரிசை நீளும். குடிசைத் தோட்டச் சித்திரம் இந்த வரிசையில் பூவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுகிறது. அழித்த தடம் தெரியாமல் அழிப்பதுதான் கருத்தியலின் சாமர்த்தியம்.

3

அழிக்கப்பட்டது என்ன? 1604-க்கும் 1914-க்கும் இடையில் 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை ஆங்கிலப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான நிலம், இவ்வாறு பிரித்து எல்லை கட்டப்பட்டது. மாடு மேய்க்க, சுள்ளி பொறுக்க, புல்லறுக்க ஊருக்கு இருந்த பொதுஉரிமைகள் போயின. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு மண் மட்டும் மிஞ்சியது. குடிசைத் தோட்டம் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு அடர்த்தியாக நடப்பட்டிருப்பதற்கு அழகியல் காரணம் தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

அந்தத் துண்டு மண்ணும் சும்மா விடப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர்களும் பாதிரிமார்களும் கூலிகளுக்குச் சிறு தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கூடவே நிபந்தனைகள்: ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடாதே, சர்ச்சுக்குப் போ, ஒழுங்காக நட. துப்புரவான தோட்டத்துக்குப் பரிசும் உண்டு. தோட்டத்தில் இருக்கிறவன் சாராயக்கடையில் இருக்கமாட்டான், கூட்டத்துக்கும் போகமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. பூ ஒரு நன்னடத்தைச் சான்றிதழாக மாறிய இடம் இது.

மார்க்ஸ் இதைப் பார்த்திருக்கிறார். 'மூலதனம்' முதல் தொகுதியில் விவசாயத் தொழிலாளர் பற்றிய பகுதியில் 'மூடிய கிராமம்' பற்றிப் பேசுகிறார். ஏழைகளைப் பராமரிக்கும் வரி தங்கள் தலையில் விழாமலிருக்கப் பெருநிலக்காரர்கள் கூலிகளின் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். அழகான சில குடிசைகளை மட்டும் விட்டு வைத்தார்கள்; அதில் குடியிருக்கத் தோட்டக்காரன், ஆட்டிடையன், வேட்டைக் காவலாளி போன்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. பார்வைக்கு வைத்த ஊர். நிலத்தில் உழைத்தவர்கள் மைல்கணக்கில் தள்ளி நெரிசலான 'திறந்த' ஊர்களிலிருந்து நடந்து வந்தார்கள். ஆக, காலண்டர் குடிசையின் முன்னோடி ஓவியரின் கற்பனையில் மட்டும் இல்லை. இடிப்புக்குத் தப்பிய காட்சிப்பொருளாக மண்ணிலேயே நின்றிருக்கிறது.

அதே பக்கங்களில் லிங்கன்ஷயர், நார்ஃபோக் போன்ற கிழக்குப் பகுதிகளின் 'கூட்டக் கூலி' முறையையும் அவர் விவரிக்கிறார். பத்து முதல் நாற்பது ஐம்பது பேர் வரை, பெரும்பாலும் பெண்களும் சிறுவர் சிறுமியரும், ஒரு கங்காணியின் கீழ் பண்ணை பண்ணையாக ஓட்டிச் செல்லப்பட்டார்கள். 1867-ல் இதற்கென ஒரு சட்டம் வந்தது: எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைச் சேர்க்கக்கூடாது, கங்காணி உரிமம் வாங்க வேண்டும். கங்காணி என்கிற சொல்லை நான் வேண்டுமென்றேதான் போடுகிறேன். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த அந்தச் சொல்லின் கனம் தெரிந்தவர்களுக்கு இங்கே மேலதிக விளக்கம் தேவையில்லை.

4

பிரிம்ரோஸுக்கு ஒரு கட்சியே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1881 ஏப்ரல் 19-ல் முன்னாள் பிரதமர் டிஸ்ரேலி இறந்தார். விக்டோரியா மகாராணி பிரிம்ரோஸ் மலர்வளையம் அனுப்பினார், அவருக்குப் பிடித்த பூ என்ற குறிப்போடு. 1883-ல் பழமைவாதக் கட்சியினர் அவர் பெயரால் 'பிரிம்ரோஸ் லீக்' தொடங்கினார்கள். முடியாட்சி, மதம், சாம்ராஜ்யம் ஆகியவற்றின் பாதுகாப்பு அதன் கொள்கை. ஏப்ரல் 19 'பிரிம்ரோஸ் தினம்' ஆயிற்று. சட்டையில் ஒரு மஞ்சள் பூவைச் செருகிக்கொண்டால் போதும், நீ யார் பக்கம் என்று தெரிந்துவிடும். பத்தாண்டுக்குள் உறுப்பினர் கணக்கு பத்து லட்சத்தைத் தாண்டியதாக லீக் சொல்லிக்கொண்டது. வாக்குரிமை இல்லாத பெண்களையும் சாதாரணத் தொழிலாளர்களையும் பழமைவாதத்தின் பக்கம் திரட்டியதில் இந்தப் பூவுக்கு நிஜமான பங்கு உண்டு. லீக் கலைக்கப்பட்டது 2004-ல்தான்.

இந்த டிஸ்ரேலி ஆட்சியில்தான் 1876-ல் விக்டோரியாவுக்கு 'இந்தியப் பேரரசி' பட்டம் சட்டமாயிற்று. அவர் அனுப்பிய வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் தேதி தில்லியில் தர்பார் நடத்திப் பட்டத்தை அறிவித்தபோது சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பஞ்சக் கும்மிகளில் அந்த வருஷத்தின் ஓலம் இருக்கிறது. மஞ்சள் பூவில் அது இல்லை. காட்டோரத்தில் யார் நடாமலும் பூக்கிற பிரிம்ரோஸ் இதற்கு என்ன செய்யும், பாவம்! ஒன்றும் செய்யாது. அதனால்தான் அது இவ்வளவு வசதியான குறியாயிற்று. தானாகப் பூத்தது எனச் சொல்லிவிட்டால் ஆதிக்கமும் தானாகப் பூத்ததாகிவிடும்.

5

டாஃபடில் நமக்கு வந்த வழி வேறு. வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை 1807-ல் அச்சானது. 1802 ஏப்ரல் 15-ந் தேதி ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது அவர் தனியாக இல்லை, தங்கை டோரதி கூட இருந்தார். அன்றைய நாட்குறிப்பில் பூக்களைப் பற்றி விரிவாக எழுதியதும் டோரதிதான். கவிதைக்குள் வரும்போது தங்கை காணாமல்போகிறார், தனிமையான ஆண் தன்னிலை மட்டும் மிஞ்சுகிறது. பிறகு அந்தத் தன்னிலையை சாம்ராஜ்யத்தின் பள்ளிக்கூடங்களெல்லாம் மனப்பாடம் செய்தன. டாஃபடில் எப்படியிருக்கும் என்று தெரியாத வாத்தியார், தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம் பள்ளிகளும் விதிவிலக்கல்ல.

ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்டின் 'லூசி' (1990) நாவலில் இந்த அனுபவம் கோபமாக வெளிப்படுகிறது. கரீபியத் தீவொன்றில் பத்து வயதில் மேடையேறி இந்தக் கவிதையை ஒப்பித்த பெண், கைதட்டல் வாங்கிய அன்றிரவே பூக்கள் துரத்திவருவதாகக் கனவு காண்கிறாள். பல வருஷம் கழித்து அமெரிக்காவில், தான் வேலை செய்யும் வீட்டு அம்மாள் ஆசையோடு டாஃபடில்களைக் காட்டும்போது அவற்றை வெட்டிச் சாய்க்க வேண்டும்போல் இருக்கிறது அவளுக்கு. இருவரும் பார்ப்பது ஒரே பூ. ஒருத்திக்கு வசந்தம், மற்றவளுக்கு அடிமைப்பாடம். இதே கின்கெய்ட் பின்னாளில் வெர்மான்ட்டில் தன் தோட்டத்தில் டாஃபடில்களைத் தானே நட்டார் என்பதை நம் விமர்சகர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். மறுப்பதற்கு ஒரு உரிமை இருப்பதுபோல, மறுத்த பிறகு தன் நிபந்தனையில் எடுத்துக்கொள்வதற்கும் ஒரு உரிமை இருக்கிறது.

இன்றைக்கு அந்த டாஃபடில்களைப் பறிப்பவர் யார்? கார்ன்வால், லிங்கன்ஷயர் வயல்களில் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை, குளிரில், மழையில், குனிந்தபடியே பறிக்கும் வேலை. பூ விரியும் முன், மொட்டாக இருக்கும்போதே ஒடிக்க வேண்டும். கட்டுக் கணக்குக்குத்தான் கூலி. தண்டிலிருந்து வடியும் சாறு பட்டால் கையெல்லாம் அரித்துப் புண்ணாகும். இந்த வேலையைப் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியர்கள் செய்துவந்தார்கள். 2021-ல் ஐரோப்பியரின் தடையற்ற வரவு முடிந்தபின் பறிக்க ஆளில்லாமல் பூக்கள் வயலிலேயே விரிந்து வீணான செய்திகள் வந்தன. 2019-ல் 2,500 பேர் என்ற அளவில் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் விசா 2022 முதல் அலங்காரப் பூச்சாகுபடிக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆறு மாதம்தான். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. மார்க்ஸ் கூட்டக் கூலிகளைப் பார்த்த அதே லிங்கன்ஷயரில் இன்றும் கூலிக்கூட்டம் குனிந்து நிற்கிறது. பயிர்தான் மாறியிருக்கிறது.

ஸ்னோடிராப்பின் கதை இன்னும் விசித்திரம். ஆங்கில வசந்தத்தின் முதல் பூவாகக் கொண்டாடப்படும் அது ஆங்கில மண்ணுக்கே வந்தேறி என்பதுதான் தாவரவியலாளர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஜெரார்டின் 1597-ம் வருஷ மூலிகை நூலில் அது தோட்டச் செடியாக வருகிறது. காட்டில் பார்த்ததாகப் பதிவு வருவது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பெரிய பூ பூக்கும் ஒரு வகையை 1874-ல் துருக்கியின் இஸ்மீர் அருகே கண்ட ஹென்றி எல்வெஸ் என்ற ஆங்கில நிலப்பிரபுவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பனியைத் துளைத்து வருவது என்ற பொருளில் துருக்கியர்கள் அதைக் 'கர்தெலன்' என்றுதான் சொல்கிறார்கள். 1980களில் துருக்கி மலைச்சரிவுகளில் கிராமத்தார் தோண்டியெடுத்த காட்டுக் கிழங்குகள் கோடிக்கணக்கில் டச்சு வியாபாரிகள் வழியாக ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போயின. 1990-ல்தான் ஸ்னோடிராப் இனம் முழுதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தோண்டியவருக்குச் சில்லறை. மறுமுனையிலோ அபூர்வ வகைக் கிழங்கு ஒன்று 2022-ல் 1,850 பவுண்டுக்கு ஏலம் போயிருக்கிறது.

6

இதுவரை செய்தது கட்டுடைப்பு. நமக்குப் பழகிப்போன வேலை. இத்தோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தீர்களா, பூவுக்குப் பின்னால் ரத்தம் என்று முடித்துவிட்டுப் போகலாம். பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் அப்படி முடித்தால் ஜான் கிளேரை என்ன செய்வது?

கிளேர் 1793-ல் நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் பிறந்தவர். அப்பா கதிரடிக்கும் கூலி. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சிறுவயதிலேயே வயல்வேலை, பிறகு பர்லி மாளிகைத் தோட்டத்தில் எடுபிடி. 1809-ல் அவர் ஊரையும் சுற்றுவட்டத்து ஊர்களையும் பிரித்துக்கொடுக்கச் சட்டம் வந்தது. இறுதித் தீர்வை 1820-ல். இடைப்பட்ட வருஷங்களில் ஊரில் கிடைத்த வேலையே வேலி போடுவதும் முள்செடி நடுவதும்தான். கூலிக்காக கிளேரும் அதைச் செய்தார். தன்னை வெளியே தள்ளும் வேலியைத் தானே நட வேண்டிய நிலை. இதைவிடக் கொடுமையான ஒரு கல்வி எந்தக் கவிஞனுக்கும் கிடைத்திருக்காது.

அதே 1820-ல் அவரது முதல் தொகுதி வெளிவந்தது. முகப்பில் 'நார்தாம்ப்டன்ஷயர் குடியானவர்' என்ற அடையாளம். ஒரே வருஷத்தில் நான்கு பதிப்பு. லண்டன் கொண்டாடியது. கொண்டாட்டத்தின் நிபந்தனைகளும் உடனே வந்தன. செல்வத்தையும் வேலியடைப்பையும் சபித்த வரிகளை நீக்கச் சொன்னார் புரவலர் ராட்ஸ்டாக் பிரபு. பிந்தைய பதிப்பில் நீக்கப்பட்டன. பதிப்பாளர் ஜான் டெய்லர் (கீட்ஸையும் பதிப்பித்தவர்) இலக்கணத்தைத் திருத்தினார், நிறுத்தற்குறிகளைப் போட்டார், ஊர்ச்சொற்களைக் களைந்தார். நத்தைக்கு கிளேரின் ஊரில் 'பூட்டி'. தண்ணீர் விளிம்பில் மெலிதாக உறைவது 'கிரிஸில்'. லண்டன் வாசகருக்கு இவை களை. 1827-ல் வந்த 'ஷெப்பர்ட்ஸ் காலண்டர்' வெட்டப்பட்டு அடையாளம் மாறித்தான் வெளிவந்தது. வேலியடைப்பை நேராகப் பேசிய 'தி மோர்ஸ்' கவிதை அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. வட்டார வழக்கில் எழுதினால் 'கொச்சை' என்றும், கோபமாக எழுதினால் 'கலையாகவில்லை' என்றும் கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இந்தத் திருத்தல் பேனா புதிதில்லை. நிலத்துக்குப் போட்ட வேலியும் மொழிக்குப் போட்ட வேலியும் ஒரே வர்க்கத்தின் கைவேலை.

இந்தக் கிளேர் பூவைப் பற்றி எழுதியது கொஞ்சநஞ்சமல்ல. பிரிம்ரோஸ் பற்றி முதல் தொகுதியிலேயே எழுதினார். காட்டிலிருந்து ஆர்க்கிட், பெரணி எல்லாம் வேரோடு பெயர்த்துவந்து தன் குடிசைத் தோட்டத்தில் நட்டார். ஹெல்ப்ஸ்டனின் இயற்கை வரலாற்றைக் கடிதங்களாக எழுதத் திட்டமிட்டார். லின்னேயஸின் வகைப்பாடு அவருக்கு ஒட்டவில்லை. பூவுக்கு லத்தீன் பெயரைவிட அது நிற்கும் கரையும் ஊரார் கூப்பிடும் பெயரும் முக்கியம். அவருடைய வசந்தம் 'வசந்தம்' என்கிற பொதுமை இல்லை. இன்ன ஓடைக்கரையில் இன்ன புதருக்கடியில் முதலில் பூக்கும் என்கிற அறிவு. ஜான் பாரெல் 1972-ல் எழுதிய நூலில் காட்டுவதுபோல, வேலியடைப்புக்கு முந்தைய ஊரின் வட்டமான வெளியும் நடமாட்டமும்தான் அவருடைய கவிதையின் கண்ணோட்டமே. நேர்கோட்டு வேலி வந்தபோது அறிவின் வடிவமே உடைந்தது. பாதையில்லாத இடத்தில் நடக்கவே பயமாக இருந்தது என்பதை அவர் ஒரு சானட்டாகவே எழுதியிருக்கிறார். பூப் பார்க்கப் போவது அத்துமீறல் ஆகிவிட்டது.

1832-ல் மூன்று மைல் தள்ளி நார்த்பரோவில் புரவலர்கள் அவருக்கு ஒரு குடிசை ஏற்பாடு செய்தார்கள். தோட்டம் உண்டு, பழமரங்கள் உண்டு. காலண்டரில் போடத்தக்க குடிசை. கிளேரால் அங்கே ஒட்ட முடியவில்லை. அந்த இடமாற்றம் பற்றி எழுதிய 'தி ஃப்ளிட்டிங்' கவிதையில், புதுத் தோட்டத்தில் முளைத்த 'ஷெப்பர்ட்ஸ் பர்ஸ்' என்ற அற்பக் களையைக் கொத்தியெறிய மனசு வரவில்லை என்கிறார், அது பழைய ஊரிலும் முளைத்தது என்பதால். குடிசைத் தோட்டத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதில் இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோட்டம் என்கிற ஒழுங்குக்குள் எது பூ, எது களை என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருடையது என்று கேட்கிற கை அது. மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய கை.

1837-ல் மனநோய் விடுதி. 1841-ல் அங்கிருந்து தப்பி எண்பது மைல் போல நடந்து வீடு வந்தார். வழியில் பசிக்குப் புல்லைத் தின்றார். அவ்வருஷக் கடைசியில் மறுபடியும் விடுதி. 1864-ல் அங்கேயே மரணம். அப்புறமும் வேலி ஓயவில்லை. 1965-ல் ஓர் ஆய்வாளர் கிளேரின் வெளிவராத எழுத்துகளின் பதிப்புரிமையை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அந்த உரிமை செல்லுமா செல்லாதா என்று அறிஞர்கள் பல்லாண்டு சண்டை போட்டார்கள். நிலத்தை இழந்தவனின் கையெழுத்துப் பிரதியும் தனிச்சொத்து!

7

கிளேரை முன்னால் நிறுத்திப் பார்த்தால் நாம் தொடங்கிய இரண்டு தரப்பும் நிற்காது. பூ அரசியலற்றது என்பவருக்கு அவருடைய ஒவ்வொரு பூவும் ஒரு பட்டா வழக்கு. பூ வயிறு நிறைந்தவன் விவகாரம் என்பவருக்கோ, வயிறு நிறையாத ஒருவர், அம்மாளிகைக்காரர்கள் யாரையும்விடக் கூர்மையாகப் பூவைப் பார்த்திருக்கிறார் என்பது சங்கடம். அழகை அனுபவிக்கும் புலன் உடைமையோடு சேர்ந்து வருவதில்லை. அப்படி வருவதாக நம்பவைத்தது உடைமையாளர்கள்; நாமும் அதை நம்பி, அழகு முழுவதையும் அவர்கள் கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டோம். நம் பத்திரிகைகளில் ஒடுக்கப்பட்டவர் எழுத்து என்றாலே காயத்தை மட்டும் எதிர்பார்க்கிறோமே, அந்த எதிர்பார்ப்பும் ராட்ஸ்டாக் பிரபுவின் கத்தரிக்கோலுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். அவர் கோபத்தை வெட்டினார், நாம் பூவை வெட்டுகிறோம். எழுதுகிறவருக்கு இரண்டும் வெட்டுதான்.

வரிசையும் இப்போது குலைந்துகொண்டிருக்கிறது. 1753 தொடங்கி 406 தாவர இனங்களைப் பற்றிச் சேர்ந்த நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு 2022-ல் வெளிவந்தது. 1986 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் செடிகள் சராசரியாக ஒரு மாதம் முன்னதாகவே பூக்கின்றன. முன்னதாகப் பூத்தது பிறகு வரும் உறைபனியில் கருகலாம். பூச்சியின் காலமும் பூவின் காலமும் பொருந்தாமல் போகலாம். காலண்டர் படத்தில் இந்த மாற்றமும் பதிவாகாது. அங்கே எப்போதும் அதே மார்ச் மாதம்தான். பதிவு செய்தவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தோட்டத்திலும் வேலியோரத்திலும் முதல் பூவைக் கண்ட தேதியைக் குறித்துவைத்தவர்கள். கிளேர் எதிர்பார்த்திருக்கக்கூடிய வாசகர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே விமர்சனம் பூவைத் தடைசெய்ய வேண்டியதில்லை, கும்பிடவும் வேண்டியதில்லை. நிலத்தைத் திருப்பிக் கேட்டால் போதும். கவிதையிலோ ஓவியத்திலோ ஒரு பூ வந்தால், அது நிற்கும் மண் யார் பெயரில் இருக்கிறது, நட்ட கை எங்கே, களை என்று பிடுங்கிப் போட்டது எது என்று கேட்போம். கேட்ட பிறகும் பூ அங்கேயேதான் நிற்கும், நன்றாகப் பார்க்கலாம். இதில் உடன்படாத தோழர்கள் எழுதட்டும், பேசுவோம்.